பழுது நீக்கிய காரில் புதிதாக வந்த பழுது குறித்த புகார்

அனுப்புநர்
காரின் உரிமையாளர்,
கவுண்டம்பாளையம், கோயம்புத்தூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: தெர்மோஸ்டாட் மாற்றியபின் எஞ்சினில் ஏற்பட்ட கோளாறு, மாற்றாத கேஸ்கெட்டுக்கு (இணைப்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) பணம் வாங்கியது – தொடர்பாக.

ஐயா,

கூலன்ட் ஒழுகியதால் கடந்த மாதம் 6-ஆம் தேதி என் பெட்ரோல் காரை உங்கள் கோவை சர்வீஸ் சென்டரில் விட்டேன். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் 14,850 ரூபாய் கட்டி வண்டியை எடுத்துவந்தேன். ஒழுகல் நின்றுவிட்டது, அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் மேட்டுப்பாளையம் சாலை சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங் கையில் நடுங்கியது. நிமிடத்துக்கு 750 சுற்றில் அமைதியாக ஓடும் எஞ்சின் 500-க்கும் 1,100-க்கும் இடையே ஏறி இறங்கியது. பானெட்டுக்கு அடியில் மெல்லிய சீறல் ஒலி. மாலைக்குள் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

திரும்பக் கொண்டுபோனேன். பெட்ரோலில் கலப்படம் என்றார் சர்வீஸ் அட்வைசர். பல ஆண்டுகளாக ஒரே பங்க்கில் போடுகிறேன், அங்கே போடும் மற்ற வண்டிகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. ஸ்கேனர் வைத்துப் பார்க்க 590 ரூபாய் வாங்கினார்கள். பி0171 என்ற கோடு வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். அதைப் படித்துவிட்டு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ போய்விட்டது, மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை இணைத்திருக்கிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். வேலை பார்த்த மறுநாளே மெஷின் தகராறு செய்தால், நேற்று எந்த போல்ட்டில் கை வைத்தோம் என்றுதான் முதலில் பார்ப்போம். உங்கள் ஆட்கள் பெட்ரோல் பங்க் வரை தேடினார்கள், தாங்கள் கழற்றிய மேனிஃபோல்டை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். எஞ்சின் கூடுதலாகக் கேட்கும் பெட்ரோலின் அளவை அவருடைய சிறிய ஸ்கேனர் காட்டியது: ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, 22 சதவீதம்; 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் 6 சதவீதம். எங்கோ காற்று உள்ளே கசிகிறது என்றார். கசியும் காற்று ஐடிலில்தான் பெரிய பங்கு, வேகம் கூடினால் அது கணக்கில் கரைந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு மேனிஃபோல்ட் இணைப்பில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது சிறிதாகத் தெளித்தார். அதுவரை தடுமாறிய எஞ்சின், இரண்டாம் சிலிண்டர் பக்கம் தெளித்ததும் சட்டென்று சீரானது; கசிவு அங்கேதான்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது பழைய கேஸ்கெட். விளிம்பு தட்டையாகி, ஓரிடத்தில் நசுங்கி மடிந்திருந்தது. அருகே ஒரு சிறிய வேக்குவம் ஹோஸ் கிளிப் இல்லாமல் செருகப்பட்டிருந்தது. ஆனால் உங்கள் பில்லில் ‘மேனிஃபோல்ட் கேஸ்கெட் – 1, ரூ.640’ என்று இருக்கிறது. கவனக்குறைவை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். போடாத பொருளுக்குப் பணம் வாங்கியதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

புதிய கேஸ்கெட்டும் கிளிப்பும் கூலியும் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது. வண்டி இப்போது பழையபடி ஓடுகிறது, விளக்கும் அணைந்துவிட்டது.

நான் கேட்பது இவைதான். கேஸ்கெட், ஸ்கேன், வெளியில் செய்த வேலை ஆகியவற்றின் தொகை 3,130 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பதினொரு நாள் இந்த நிலையில் ஓடியதால் ஸ்பார்க் பிளக்குகளையும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கட்டணமின்றிச் சோதித்து, முடிவை எழுத்தில் தர வேண்டும். அந்தச் சோதனை கோவையில் என் கண் முன்னே நடக்க வேண்டும். போடாத கேஸ்கெட் பில்லில் ஏறியது எப்படி என்பதற்கும் விளக்கம் வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருப்பது தெரியும், அவ்வளவு நாள் காத்திருக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

பில், ஜாப் கார்டு, இசியூ மதிப்பீட்டுத் தாள், மெக்கானிக்கின் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பழைய கேஸ்கெட்டின் படத்தை மட்டும் அனுப்புகிறேன், அசல் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்