மைதானத்தை நான் பார்க்கிறேன்

பாலக்கோடு,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். நீ நலம் என்பதை உன் குரலில் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய்.

பொங்கலுக்கு வந்தபோது நாள்காட்டித் தாளின் பின்புறம் நீ எழுதி வைத்துவிட்டுப் போன கல்லூரிப் பட்டியல் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மடித்த இடம் கிழியத் தொடங்கிவிட்டது. நான்கு கல்லூரிகளுக்கும் நேராக மகளிர் வாலிபால் அணி எந்தெந்தப் போட்டியில் வென்றது என்று எழுதியிருக்கிறாய். இயற்பியல் துறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரையாண்டில் இயற்பியலில் 94 வாங்கிய பிள்ளை எழுதிய பட்டியலா இது என்று வருத்தமாக இருந்தது. அந்த மதிப்பெண்ணை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் அத்தனை பேரிடமும் சொன்னவன் நான்.

என் பட்டியலும் முழுமையானது அல்ல. மத்திய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை வைத்து நான் குறித்தேன். அதிலுள்ள ஐந்து தலைப்புகளில் விளையாட்டு என்று ஒரு தலைப்பு இல்லை. உன் தாளும் என் தாளும் ஆளுக்குப் பாதியைத்தான் சொல்கின்றன.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருப்பதால் பர்கூர் அரசுக் கல்லூரியோ கிண்டியோ கிடைக்கலாம் என்று உன் மாமா சொல்கிறார். இடம் கிடைப்பது வேறு, அங்கு பெண்கள் அணி இருப்பது வேறு. சான்றிதழைப் பார்த்து இடம் தருவார்கள். பயிற்சியாளர் நாள்தோறும் வருகிறாரா என்பதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். கலைக் கல்லூரி என்றால், நம் மாவட்டத்தில் இருப்பவை பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஆடி, பல்கலைக்கழக அணியில் ஒருத்தியாகத் தேர்வான பிறகே தென்மண்டலப் போட்டிக்குப் போக முடியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அணி நேராகத் தென்மண்டலத்துக்குப் போகிறது. ஆனால் அங்கு பல ஊர்களிலிருந்தும் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் நிறைந்திருந்தால், களத்தில் இறங்காமலே மூன்றாண்டு கழிந்துவிடக்கூடும். போட்டி நாளில் செய்முறைத் தேர்வு வந்தால் வேறு நாள் தருவார்களா, 75 சதவீத வருகைப் பதிவில் போட்டி நாட்களை, கல்லூரிக்காக வெளியே போன நாள் (ஓ.டி.) என்று சேர்ப்பார்களா என்பதைத் துறைத் தலைவரிடமே கேட்க வேண்டும். பயிற்சியாளர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

இன்னொன்றும் உண்டு. அணிக்கு எடுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணத்திலும் விடுதியிலும் சலுகை தருகிறார்கள் அல்லவா, ஒரு பிள்ளை ஓராண்டு ஆட முடியாமல் போனால் அந்தச் சலுகை தொடருமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பொதுவாகத்தான் சொல்கிறேன். ஓய்வெடுத்துத் திரும்பி வந்து ஆடியவர்கள் எத்தனையோ பேர். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. பொங்கலன்று எல்லோரும் இலை முன் உட்கார்ந்தபோது நீ மட்டும் நாற்காலியில், இடது காலை நீட்டியபடி சாப்பிட்டாய். பயணக் களைப்பு என்றாய். நானும் சரி என்றேன்.

அண்ணன் விஷயத்திலும் நான் இப்படித்தான் இருந்துவிட்டேன். அவனைக் கல்லூரியில் சேர்த்த நாளில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. விவரக் கையேட்டில் 400 மீட்டர் ஓடுதளம் என்று அச்சிட்டிருந்தார்கள். அவன் கட்டண வரிசையில் நின்றபோது நான் கட்டடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தேன். வேலிக்காத்தான் முளைத்த ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதிலும் பாதியில் கல்லூரிப் பேருந்துகள் நின்றன. திரும்பி வந்ததும், "மைதானம் எப்படி இருக்கிறது, அப்பா?" என்று கேட்டான். "நன்றாக இருக்கிறது, பணத்தைக் கட்டு" என்றேன். அவனுடைய கட்-ஆஃபுக்கு அந்தத் துறை கிடைத்ததே பெரிது, அது கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற அவசரம் எனக்கு. அந்தத் தீபாவளிக்கு வந்தவன் ஸ்பைக் ஷூவைப் பரணில் வைத்துவிட்டுப் போனான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான் என்று ஊராரிடம் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடத்தையும் ஓட்டிவிட்டேன்.

வரும் சனிக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். கோவையிலுள்ள இரண்டையும் பார்த்துவிடுவோம். நீ ஆய்வகத்தைப் பார். மைதானத்தை நான் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடியே உன்னிடம் சொல்கிறேன். மாவட்ட, மாநிலச் சான்றிதழ்களின் அசலை எடுத்து வை. அவற்றோடு, உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருக்கும் ஸ்கேன் உறையையும் எடுத்து வை, அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. விடுதி வாசல் வரை நீ நடந்து வர வேண்டாம். காப்பாளரிடம் கேட்டு ஆட்டோவை உள்ளேயே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா