குசினிக் கதவுக்கு மூன்றாம் நம்பர்

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மச்சான்,

சுகமாக இருக்கிறாயா? ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குக் கோடை லீவு தொடங்கியிருக்கும். இங்கே கச்சான் காற்று பிடித்து இரண்டு கிழமையாகிறது. பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மகள் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் எடுத்திருக்கிறாள். இரவில் ஓமின் விதிக் கணக்குகளோடு என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நான் வேலை முடித்து நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

டைக் வீதியில் உன் அம்மா வீட்டு அலாரம் வேலை முக்கால்வாசி முடிந்தது. போனில் நீ கேட்டாயே, ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, எதற்கு, எல்லாவற்றையும் அலாரத்தின் மூளையான பனல் பெட்டிக்குள்ளேயே பூட்டிவிட்டால் சுலபம்தானே என்று. அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

போன வருஷம் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பூட்டை உடைத்துக் கள்ளன் புகுந்திருக்கிறான், அலாரம் வாயே திறக்கவில்லை. பனலைத் திறந்தால் ரெசிஸ்டர் எல்லாம் அங்கேயே வரிசையாக இருந்தன. முன்னர் யாரோ பூட்டியது. சீலிங்குக்கு மேலே ஏறி டோர்ச் அடித்துப் பார்த்தேன். பின்கதவுக்குப் போகும் வயரை எலி கடித்து, உள்ளே இருக்கும் இரண்டு கம்பியும் தோலுரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. செம்பு பச்சை பிடித்திருந்தது, அவ்வளவு நாளாக அப்படியே இருந்திருக்கிறது. அந்த இடத்துக்கு அப்பால் கதவு திறந்தால் என்ன, கழன்று விழுந்தால் என்ன, பனலுக்குத் தன் பெட்டிக்குள் இருந்த ரெசிஸ்டர் மட்டும்தான் தெரியும். 'எல்லாம் சரி' என்று பச்சை லைட்டைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்த முகம் இன்னும் என் மனதில் நிற்கிறது.

பனலுக்குத் தெரிவதெல்லாம் வயரின் தடை ஒன்றுதான் மச்சான். கதவு நிலையில் காந்தம் கிட்ட வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச், கதவில் காந்தம். கதவு சாத்தியிருந்தால் சுவிட்ச் மூடியிருக்கும். அந்தச் சுவிட்சுக்குச் சமாந்தரமாக ஒரு ரெசிஸ்டர், தொடராக இன்னொன்று. இந்தப் பனலுக்கு இரண்டும் 5.6 கிலோ ஓம்: பச்சை, நீலம், சிவப்பு வளையம். வேறு கம்பனிப் பனல் 4.7 கேட்கும், 2.2 கேட்கும், புத்தகத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். கதவு சாத்தியிருக்கும்போது மூடிய சுவிட்ச் சமாந்தர ரெசிஸ்டரைச் சுற்றிப் போக விடும், பனல் 5.6 ஐ மட்டும் பார்க்கும். திறந்தால் இரண்டும் சேர்ந்து 11.2. வயரை வெட்டினால் முடிவிலி, எலி கடித்து ஒட்டவைத்தால் பூச்சியம். நான்கும் நான்கு சங்கதி, நான்கும் அதற்குப் புரியும். ஆனால் ரெசிஸ்டர்கள் கதவடியில், வயரின் கடைசி நுனியில் இருந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் ஏணியில் ஏறி ஒவ்வொரு நிலையிலும் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுக்கொண்டிருக்கிறேன். பனலில் கொளுவ முன்னர் ஒவ்வொரு வயரையும் மீற்றரில் பிடித்து, அம்மாவைக் கதவைத் திறந்து சாத்தச் சொல்கிறேன். நேற்று அவரே குரல் கொடுத்தார்: "தம்பி, இப்ப பதினொண்டு காட்டுதோ?"

யன்னல்களையும் கதவுகளையும் ஒரே சோனில், அதாவது பனல் ஒரே நம்பராகக் கவனிக்கும் ஒரே வயரில், கோர்த்தால் செலவு குறையும் என்றாய். குறையும்தான். ஆனால் நடுச்சாமத்தில் அலாரம் அடித்தால் எந்தப் பக்கம் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கதவு ஒவ்வொன்றுக்கும் தனிச் சோன் கொடுத்திருக்கிறேன். முன்கதவு 1, விறாந்தைக் கதவு 2, குசினிக் கதவு 3. அம்மா ஒரு மட்டையில் தன் கையெழுத்தில் எழுதி கீபேடுக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். முன்கதவுக்கு மட்டும் 45 செக்கன் தாமதம். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய்வந்து, முழங்கால் வலியோடு படியேறிக் கோட் அடிக்க அவருக்கு அந்த நேரம் வேண்டும். குசினிப் பக்கம் தாமதமே இல்லை, திறந்த கணத்தில் அடிக்கும். கட்டிலடியில் ஒரு அவசரப் பட்டன் இருக்கிறது. அது 24 மணி நேரச் சோன், அலாரம் போடாத பகலிலும் வேலை செய்யும்.

ஹோலில் ஆளசைவு சென்சர் ஒன்று மட்டும். அது உடல் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. கச்சான் நாளில் சுவரே உடம்பளவு கொதித்தால் அதன் கூர்மை குறைந்துவிடும். ஆகவே அதை மட்டும் நம்பி எந்தக் கதவையும் விடவில்லை. நேராக வருபவனைவிடக் குறுக்கே நடப்பவனை அது நன்றாகப் பிடிக்கும், அதனால் மூலையில் 2.2 மீற்றர் உயரத்தில், யன்னலைப் பாராமல் வைத்தேன். வயர் போகும் துளையைச் சிலிக்கனால் அடைத்தாயிற்று. எறும்பு உள்ளே குடியேறினாலும் பல்லி லென்ஸில் ஊர்ந்தாலும் வீண் அலாரம். வளவுக்குள் ஒன்றும் வைக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வீதியெல்லாம் திரியும்.

கடல் காற்றுத்தான் பெரிய கவலை. திருகாணி முனைகளில் உப்புப் பிடித்தால் தடை மெல்ல மெல்லக் கூடும். வருஷத்துக்கு ஒரு தடவை நானே வந்து திறந்து துடைத்து, கிறீஸ் பூசிவிடுவேன்.

சைரனுக்குத் தடித்த வயர் இன்னும் வரவில்லை, அதுதான் பாக்கி. கதவுக்குப் போட்ட மெல்லிய வயரையே கொளுவச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றுவிட்டேன். 40 மீற்றர் போய் வர அதில் ஏறக்குறைய 7 ஓம். 5,600க்கு முன்னால் அந்த 7 ஒன்றுமில்லை. ஆனால் அரை அம்பியர் இழுக்கும் சைரனுக்கு மூன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும், 12 வோல்ட் சைரன் முனகத்தான் செய்யும்.

கரண்ட் போனால் தாங்கும் பெட்டறி 12 வோல்ட், 7 அம்பியர்-மணி. எல்லாம் சேர்ந்து 200 மில்லி அம்பியர் அளவில் இழுக்கிறது. கணக்குக்கு 35 மணித்தியாலம், நான் 24 என்றே வைத்துக்கொள்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை அம்மா மறக்கவில்லை. முதல் கேள்வியே அதுதான்.

ஒரு விஷயத்தில் கோபிக்காதே. அலாரம் அடித்தால் போன் எடுக்கும் முதல் நம்பராக உன் நம்பரைப் போடச் சொன்னாய். பக்கத்து வீட்டு அண்ணனின் நம்பரைப் போட்டிருக்கிறேன், இரண்டாவது என்னுடையது, மூன்றாவதுதான் நீ. அவர் மதிலால் எட்டிப் பார்ப்பார், நான் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன். அம்மாவிடமும் சொன்னேன், சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு கோல் எடு. கோட் நம்பரை மட்டும் போனில் கேட்காதே.

அன்புடன்,
உன் மச்சான்