ஓடையோர மரங்களுக்காக

பர்லியார்,
ஏப்ரல் முதல் வாரம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. சித்தப்பா மர வியாபாரியைக் கூட்டி வந்து கீழ்த்தோட்டத்துக்கு விலை பேசியிருக்கிறார். மலையில் மரம் வெட்ட 1955ஆம் வருஷத்துச் சட்டப்படி மனு போட வேண்டும். அப்பா பங்கு உன் பேரில் இருப்பதால் உன்னிடம் கையெழுத்து கேட்பார். "அணிலும் குருவியும் எங்கேயாவது பிழைச்சுக்கும், அண்ணி" என்கிறார். குருவி பிழைத்துக்கொள்ளும். மலை அணிலுக்கு அது முடியாது, கண்ணு.

வேலியோர உண்ணிச்செடிப் புதருக்குள் 'சக், சக்' என்று சத்தம் கொடுக்குமே, அந்தப் பழுப்புக் குருவிதான் பிளைத் நாணல் கதிர்க்குருவி. எடை 10, 12 கிராம் இருந்தால் அதிகம். இங்கே அதற்கு நாணல் காடு வேண்டாம். அடர்ந்த புதரும் பூச்சியும் போதும். இந்த மாதம் கிளம்பிவிடும். ராத்திரி ராத்திரியாகப் பறந்து, சில பறவைகள் உன் பின்லாந்து வரைக்கும் போகும், 6,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே கூடு கட்டி நாலைந்து முட்டையிடும். இங்கே 'சக்' என்பதோடு சரி. அங்கே மற்றப் பறவைகளின் குரலையும் கலந்து இரவெல்லாம் பாடுமாம். ஜூனில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேள். உண்ணிச்செடியை வெட்டினாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அதுவரை குருவி பக்கத்துத் தோட்டத்து வேலிக்குப் போய்விடும்.

மலை அணிலுக்குப் போக வழியே மரம்தான். நேற்று மத்தியானம் அப்பா வைத்த பலாவில் பார்த்தேன். பின்னங்கால்களால் கிளையைக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. முன்கைகளில் பலாக்கொட்டையைத் திருப்பித் திருப்பிக் கடித்தது. உடம்பைவிட நீளமான வால் பாரம் சமன் செய்ய மறுபக்கம் தொங்கியது. கருஞ்சிவப்பு முதுகில் வெயில் பட்டபோது அவ்வளவு அழகு! 2 கிலோ வரை எடை இருந்தும் 20 அடி தாவக்கூடியது. அதற்குமேல் இடைவெளி விழுந்தால் தரையில் இறங்கியாக வேண்டும். கீழே நாய் இருக்கிறது, மேட்டுப்பாளையம் ரோடு இருக்கிறது. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிதான். உச்சிக் கிளைகளில் சுள்ளியும் இலையுமாக ஒரே அணில் பல கூடு கட்டும். நம் நாவல் மரத்தில் ஒன்று இருக்கிறது.

மேலே காட்டையும் கீழே பாக்குத் தோப்பையும் சேர்ப்பது நம் ஓடையோர வரிசைதான். நடுவில் நாலு மரம் போனால் அணிலின் பாதை அறுந்துவிடும். மறுபடி நட்டு, கிளையோடு கிளை கோத்து வர எத்தனை வருஷம் ஆகும்! என் காலத்தில் நடக்காது.

சித்தப்பாவுக்குப் பணமுடை என்பது எனக்கும் தெரியும். மேட்டுப்பக்கம் தனித்தனியாக நிற்கும் சில்வர் ஓக்கை விற்றுக்கொள்ளட்டும், அதற்குக் கையெழுத்துப் போடு. பலா, ஜாதிக்காய், நாவல் நிற்கும் ஓடை வரிசைக்கு மட்டும் போடாதே. ஞாயிற்றுக்கிழமை நீயே அவருக்கு போன் பண்ணிப் பக்குவமாகச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
அம்மா