கட்டுப் பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு இடது கணுக்காலின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். இட்லிக் கடையில் 26 ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவர். காலில் ரத்தம் தேங்கி வீங்கும் நரம்புச் சுருட்டல் முற்றிப் புண்ணாகிவிட்டது. 14 மாதங்களாகத் திங்களும் வியாழனும் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போகிறேன். முதல்நாள் இரவே அவருக்குத் தூக்கம் போய்விடும்.

காய்ந்து ஒட்டிக்கொண்ட காஸ் துணியை அப்படியே பிடித்து இழுக்கிறார்கள். புதிதாகத் துளிர்த்த சிவந்த சதையும் அதோடு பிய்ந்து வருகிறது. பிறகு நுரைக்கிற மருந்து. அது கிருமியை மட்டுமா அரிக்கும்? செவிலியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் 40 பேர், அவர் ஒருவர்.

ஒருநாள் அம்மா அலறியபோது, பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "அவரைப் பாருங்கம்மா, வாயே திறக்கவில்லை" என்றார்கள். அவர் சர்க்கரை நோயாளி. பாதத்தில் உணர்ச்சி அற்றுப்போய், ஆணி குத்தியது தெரியாமல் இரண்டு நாள் நடந்தவர். வலிக்காததுதான் அவருடைய ஆபத்து. அதைப் போய்ப் பொறுமை என்று பாராட்டினால் என்ன செய்வது? 1946-இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற பாதம் காயத்தின் மேலேயே நடந்து நடந்து புண்ணைப் பெருக்குகிறது என்று காட்டியது இந்த மண்ணில்தான்.

கதவோரம் இன்னொரு பெரியவர். காலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் வந்த புண். இரவெல்லாம் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் அவருக்கு வலி தணியும். அம்மாவுக்கோ தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். இறுக்கிக் கட்டுவது அம்மாவின் புண்ணை ஆற்றும், அவருடைய காலையே பறித்துவிடலாம். மூவருக்கும் ஒரே காஸ், ஒரே இழுப்பு.

பன்னிரண்டாவது மாதம் பயிற்சி மருத்துவர் ஒருவர் வந்தார். அம்மாவின் காலில் ரத்த ஓட்டத்தைச் சோதித்துவிட்டு, பாதம் தொடங்கி முழங்காலுக்குக் கீழ்வரை அழுத்தக் கட்டுப் போட்டார். அடுத்த முறை வரும்போது, கட்டுப் பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஒரு பாரசிட்டமால் கொடுத்தார். கட்டைச் சலைன் உப்புநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டார். துணி தானாகக் கழன்று வந்தது. அன்றைக்கு அம்மா முந்தானையைக் கடிக்கவில்லை. மூன்று வாரத்தில் அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்; பழைய இழுப்பு திரும்பிவிட்டது.

ஒரு நல்ல மனம் இருந்த வரைக்கும் கிடைத்ததை விதியாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். எந்த வகைப் புண், வலி எவ்வளவு என்று சீட்டில் எழுத இரண்டு வரி ஒதுக்குங்கள். ஒட்டிய துணியை நனைக்காமல் பிரிக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். பாரசிட்டமாலுக்கு அடங்காத வலிக்கு அடுத்த மருந்தை மருத்துவர் எழுதட்டும். 2021-இல் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது; அதே பையில் ஒட்டாத கட்டுத்துணியும் வரட்டும்.

இப்போதைக்கு மாத்திரையை நானே எடுத்துப் போகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். வரிசை மூன்று மணி நேரம் நீண்டுவிட்டால், அம்மாவின் முறை வருவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
கட்டு மாற்ற வரும் ஒரு மகள்