மெமோ வந்தால் முதலில் நம்மிடம் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற சகோதரர்களுக்கும் காவலர் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

பணியில் இருக்கும் தன் வீட்டுக்காரரையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். முடியாதும்மா. 1966ஆம் ஆண்டு காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டப்படி, பணியில் உள்ளவர் அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை உண்டு, துறை நடவடிக்கை தனி. அதனால் அவர் எண்ணை இந்தக் குழுவில் சேர்க்க வேண்டாம், அவருக்காக ஓய்வுபெற்ற நாங்கள் பேசுகிறோம்.

அப்புறம், சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்தால் பதறிப்போய் அன்றைக்கே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள், பிறகு அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்கள். அது காவலர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 3(ஏ)வா 3(பி)யா என்று முதலில் பாருங்கள். 3(ஏ) சிறு தண்டனைக்கு. 3(பி) என்றால் டிஸ்மிஸ் வரைக்கும் போகலாம், ஆனால் வாய்மொழி விசாரணை வைத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தர வேண்டும். ஆவண நகல்களை எழுதிக் கேளுங்கள், மனு கொடுத்ததற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சிதம்பரம் தேர் பந்தோபஸ்து முடித்துத் தூக்கமில்லாமல் திரும்பியவருக்கு மறுநாள் தாமதம் என்று மெமோ கொடுப்பது அநியாயம், அங்கே அந்த டூட்டி ஆணையின் நகல்தான் கைகொடுக்கும்.

வார ஓய்வுக்கு 2021இல் அரசாணை வந்தது. கிடைக்காத தேதிகளை எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெயர் இல்லாமல் மனுவில் சேர்ப்போம். ஞாயிறு காலை 10 மணிக்கு மஞ்சக்குப்பத்தில் வழக்கமான இடம், மெமோ நகலை எடுத்து வாருங்கள்.