முகிலன் கேட்ட போட்டோ

வடலூர்

அன்புள்ள கயல்விழிக்கு,

"தாத்தா, நீங்கள் வேலை பார்த்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று முகிலன் கேட்டான் அல்லவா? அதற்கென்ன, நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. போன வாரம்தான் அனுமதி வாங்கி, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, நெய்வேலி முதல் சுரங்கத்தின் விளிம்பில் பார்வையாளர்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

முப்பத்தோரு வருடம் அந்தக் குழிக்குள் இறங்கி ஏறியவன், ஒருநாள்கூட அங்கே நின்று வேடிக்கை பார்த்ததில்லை. மந்திரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிற்கிற இடம் அது. எங்களுக்கு அங்கே என்ன வேலை?

மேலே செம்மண், அதற்குக் கீழே வெளிறிய மணற்பாறை, அடியில் கறுப்பாகப் பழுப்பு நிலக்கரி. படிக்கட்டு போல இறங்குகிற பெஞ்சுகளில் பக்கெட் வீல் இயந்திரங்கள், அதாவது சக்கரத்தில் வரிசையாக வாளிகள் வைத்து மண்ணை வெட்டி அள்ளுபவை, சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் அண்ணாந்து பார்த்த, ஒரு வாளியே 1400 லிட்டர் கொள்ளும் இயந்திரம் அங்கிருந்து பார்த்தால் திருவிழா ராட்டினம் அளவுதான். "இந்த ராட்டினத்துக்காகவா தீபாவளி அன்றைக்கும் நைட் ஷிப்டுக்கு ஓடினீர்கள்?" என்றாள் உன் அம்மா. முப்பது வருடமாக வைத்திருந்த கேள்வி போலிருக்கிறது.

முகிலனுக்கு இதைச் சொல். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961இல். நடுவில் நான்கு வருடமும் மண்தான். இன்றும் ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண் அள்ள வேண்டும். அந்த மணற்பாறை பக்கெட்டின் பற்களைத் தின்றுவிடும். பல் மாற்றியே பாதி ஷிப்ட் போன நாட்கள் உண்டு.

அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று அது. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையையே தூக்கிவிடும். அதனால் பம்புகளுக்கு ஞாயிறும் இல்லை, பொங்கலும் இல்லை. சுரங்கத்துத் தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய் நெல்லுக்கும் பாய்கிறது. நீ சிறுமியாக இருந்தபோது அந்த ஏரிக்கரையில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதாயே, அதே ஏரிதான்.

இவ்வளவும் விளக்கி முடித்த பிறகு உன் அம்மா கேட்டாள்: "சரி, இதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

கையைத் தூக்கினேன். எங்கே காட்டுவது? சுரங்கம் நிற்கிற இடத்தில் நிற்பதில்லை, கயல். முன்னால் வெட்டிக்கொண்டே போகும். வெட்டிய மண் கன்வேயரில் சுற்றிவந்து பின்னால் விழும். ஸ்பிரெடர் அதைப் பரப்பிக்கொண்டே தொடரும். அப்படி நடந்து நடந்துதான் எத்தனையோ ஊர்களும் முந்திரித் தோப்புகளும் இடம் விட்டுப் போயின. அந்தக் கணக்கை நாங்கள் ஷிப்டில் பேசிக்கொண்டதே இல்லை. டீ குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். நான் முதன்முதலில் இறங்கிய பெஞ்ச் இப்போது காற்றிலும் இல்லை, குழியிலும் இல்லை. எதிர்ப்பக்கம் மண் நிரப்பிய மேட்டில் மரம் நட்டிருக்கிறார்கள். அதற்கடியில் எங்கோ இருக்கிறது.

அந்த மரங்களைக் காட்டினேன். "நிழலாகத்தான் இருக்கிறது" என்றாள். பிறகு வெயில் தாங்கவில்லை என்று குடையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

பலாச்சுளை வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல், கொடுத்தனுப்புகிறோம்.

போட்டோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சுரங்கத்தைக் கேட்ட பையனுக்குத் தாத்தா ஏன் தோப்பை அனுப்பினார் என்று கேட்பான். நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா