காளவாய் ஊருக்கு ஒரு நன்றி மடல்

கனடாவின் மானிடோபா மாகாணத்து ஸ்டோன்வால் ஊராருக்கும், வார இறுதிகளில் வின்னிபெக்கிலிருந்து வந்து கைகொடுத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் வணக்கம்.

ஊரோரத்துப் பழைய கற்கொட்டகையின் மேற்குச் சுவரைச் செப்பனிடும் வேலை முடிந்துவிட்டது. 9 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம். சுவர்மேல் தொங்கவிட்ட கடைசிச் சாக்கையும் அவிழ்த்து மடித்து வைத்தாயிற்று. இத்தனை பேர் இத்தனை நாள் உழைத்ததற்கு "அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. யார் எந்த வேலையைச் செய்தீர்கள், அது ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். அடுத்த சுவரில் கை வைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியிருக்கும்.

முதல் வணக்கம் குவாரிக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு. சுற்றுவட்டாரம் முழுக்க அகாசிஸ் என்ற பழைய பனியுகத்து ஏரி விட்டுப்போன களிமண்தான். வின்னிபெக் பக்கம் பல மீட்டர் தோண்டினாலும் பாறை தட்டாது. ஸ்டோன்வாலில் மட்டும் பாறை மேடேறி, புல்லுக்கு அடியிலேயே கிடக்கிறது. 1878இல் எஸ். ஜே. ஜாக்சன் இங்கே ஊருக்கு மனை பிரித்தார். 1880களில் குவாரிகள் திறந்தன, 1967 வரை கல் வெட்டினார்கள். கட்டடக் கல், ஜல்லி, சுண்ணாம்பு என்று மூன்றும் இந்த ஒரு குழியிலிருந்து ரயிலேறிப் போயின. களிமண்மேல் எழுந்துகொண்டிருந்த வின்னிபெக்குக்குக் கல்லும் சுண்ணாம்பும் எவ்வளவு வந்தாலும் போதவில்லை.

பெரியவர்கள் சொல்லித்தந்த முக்கியமான விஷயம் கல்லின் குணம். இங்கே வெட்டியது டோலமைட் கல். கால்சியத்தோடு மக்னீசியமும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகக் கலந்தது. 100 கிலோ கல்லைச் சுட்டால் கரியமில வாயு போக 52 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். குவாரிப் பூங்காவில் இன்றும் நிற்கும் காளவாய்களில் செய்தது இந்த வேலையைத்தான். மேல்வாயில் கல்லைக் கொட்டுவார்கள், பக்கத்து அடுப்புகளில் விறகு எரியும், வெந்த சுண்ணாம்பை அடிவாயில் வாரி எடுப்பார்கள். கல் பெரிதாக இருந்தால் நடுக்கரு வேகாமல் நிற்கும். சிறிதாக இருந்தால் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு காற்றோட்டம் நின்றுவிடும். சுட்ட சுண்ணாம்பை மழையில் விட்டால் வண்டியின் மரப்பலகையே பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கொதிக்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மக்னீசியப் பங்கு குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். கால்சியப் பங்குக்கு ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதுவரை எரிக்கும்போது மக்னீசியம் தேவைக்கு மேல் கருகிப்போகிறது. கருகிய மக்னீசியம் தண்ணீர் ஊற்றினாலும் உடனே நீறிப் பொடியாகாது. சுவரில் பூசிய பிறகு மாதக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி, உள்ளுக்குள்ளேயே ஊதிப் பூச்சைத் தள்ளும். கொட்டகையின் உட்பூச்சில் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகப் பெயர்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான் என்று கண்டு சொன்ன பெரியவருக்குத் தனி நன்றி. பூசியவர் கைவேலையில் குறை என்று அதுவரை பலரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கொத்தனார்மேல் விழுந்த பழி நீங்கியது.

அடுத்த நன்றி உளி பிடித்தவர்களுக்கு. வேலையில் பாதி நாள் இதற்கே போனது. என்றோ ஒரு காலத்தில் யாரோ இந்தச் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இணைப்புகளைச் சிமெண்டால் பூசி அடைத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் சிமெண்ட் சுண்ணாம்புச் சாந்தைவிடக் கெட்டி, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. இணைப்பில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் சுவருக்குள் ஏறிய தண்ணீர் அதன் வழியே ஆவியாகும். சிமெண்ட் அடைத்திருந்தால் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இங்கே குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். தண்ணீர் உறைந்தால் 9 விழுக்காடு பருக்கும். சிமெண்ட் கோடு அப்படியே நிற்க, கல் மட்டும் செதில் செதிலாக உரிந்து உள்வாங்கிய இடங்களை நீங்களே பார்த்தீர்கள்.

சுழல் தகட்டால் அறுக்கும் கிரைண்டர் கருவி வேண்டாம் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றதுதான் சுவரைக் காப்பாற்றியது. ஒழுங்கில்லாத காட்டுக்கல்லால் கட்டிய சுவரில் இணைப்பு நேராக ஓடாது. தகடு ஒரு நொடி விலகினாலும் கல்லின் விளிம்பில் அழியாத கோடு விழும். 10 மில்லிமீட்டர் உளியைச் சிமெண்டின் நடுவில் ஊன்றி, உள்பக்கமாக அடித்து நொறுக்கி, பிறகு ஓரங்களைத் தட்டி உதிர்த்தீர்கள். கல்லில் முட்டுக்கொடுத்து நெம்பிய இரண்டு இடங்களில் மட்டும் மூலை உடைந்தது. இணைப்பின் அகலம் சராசரி 20 மில்லிமீட்டர் என்பதால் 50 மில்லிமீட்டர் ஆழம் வரை சுரண்டினோம். அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வேண்டும். அதற்குக் குறைந்தால் புதுச் சாந்து பிடிமானமில்லாமல் பட்டையாகக் கழன்று விழும்.

தென்மூலையில் சுவர் வயிறு தள்ளியிருந்ததைத் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்துச் சொன்னவர்களையும் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் எட்டிப் பிடிக்கும் நீளக்கல் அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. நடுவில் போட்ட சில்லுகள் கீழே இறங்கி வெற்றிடமாகிவிட்டன. நான்கு கற்களை எடுத்து, உள்ளே நிரப்பி, நீளக்கல் ஒன்றைக் குறுக்கே போட்டுத் திரும்பக் கட்டினார்கள். கல்லைக் குவாரியில் கிடந்த படுகைவாக்கிலேயே, அதாவது அதன் ஏடுகள் படுக்கையாக இருக்கும்படியே வைத்தார்கள். நிமிர்த்தி முகம் காட்டி வைத்தால் அழகாகத்தான் இருக்கும், சில குளிர்காலத்துக்குள் ஏடு ஏடாகப் பிரியும்.

சாந்து கலந்தவர்களே, உங்கள் தோள்வலிக்கு மருந்து எங்களிடம் இல்லை, நன்றி மட்டும் இருக்கிறது. வெளிப்புறத்துக்கு என்எச்எல் 3.5 என்ற, தண்ணீரோடு சேர்ந்தே இறுகத் தொடங்கும் சுண்ணாம்பு, 25 கிலோ மூட்டை நான்கு. உட்புறத்துக்கு டைப் எஸ் நீற்றிய சுண்ணாம்பு. இதுவும் டோலமைட் வகைதான், ஆனால் ஆலையில் நீராவி அழுத்தத்தில் நீற்றுவதால் மக்னீசியமும் ஏறக்குறைய முழுதாக நீறிவிடும், பழைய குழி விழும் தொல்லை வராது. அதை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து வெண்ணெய்ப் பதத்தில் எடுத்தீர்கள். உறைபனியும் சாரலும் அடிக்கும் வெளிமுகத்துக்கு அது மட்டும் போதாது, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து இறுக வெகுநாள் எடுக்கும். அதனால்தான் வெளியே என்எச்எல்.

வாளிக் கணக்கில் 1 பங்கு சுண்ணாம்பு, 2.5 பங்கு மணல். மண்வெட்டிக் கணக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொன்னவருக்கு நன்றி: ஈர மணல் உப்பி நிற்கும், கண்ணளவில் போட்டால் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு விதமாக வரும். மணல் கழுவியது, கூர்முனையுள்ளது, பொடியும் 4 மில்லிமீட்டர் வரை பருக்கையும் கலந்தது. முதல் நாள் கலவையில் தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு சதுர மீட்டர் பரப்பில் மயிரிழை வெடிப்பு ஓடியது. முணுமுணுக்காமல் அத்தனையும் சுரண்டி எடுத்து மறுபடி பூசினீர்கள். அடுத்த நாளிலிருந்து 15 முதல் 20 நிமிடம் அரைத்த பிறகே தண்ணீர் போதுமா என்று பார்த்தீர்கள். அரைக்க அரைக்கச் சாந்து தானே இளகும். அவசரப்பட்டு முதலிலேயே ஊற்றியதுதான் அன்றைய பிழை.

பூசும்போது 20 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் அடைக்காமல், அடுக்கடுக்காக அழுத்தினீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதியும், விரல் உள்ளே போகாது என்ற பதம் வந்ததும் கெட்டி முடித் தூரிகையால் குத்திவிட்டது மிக முக்கியம். மேல்தோல் மூடிக்கொள்ளாமல் மணல் தெரியும்படி நின்றால்தான் இணைப்பு மூச்சுவிடும், சிறு வெடிப்புகளும் அடைபடும்.

தண்ணீர் தெளித்த பிள்ளைகளுக்கு இந்த மடலிலேயே மிகப் பெரிய நன்றி. இந்தப் புல்வெளிக் காற்றும் மேற்குச் சுவரின் பிற்பகல் வெயிலும் சேர்ந்தால் சாந்து இறுகுவதற்கு முன்பே காய்ந்துவிடும். காய்ந்த சாந்து விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும். பூசுவதற்கு முந்தின மாலை சுவரை நனைத்தீர்கள், பூசின பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று முறை, ஏழு நாள் தெளித்தீர்கள். பூவாளித் தெளிப்பு போல மெல்லிய சாரலாகத் தெளித்ததால் எந்த இணைப்பும் அரிக்கவில்லை. ஆகஸ்டு முடிவதற்குள் வேலையை முடித்ததும் உங்களால்தான். செப்டம்பரில் எந்த இரவு உறைபனி விழும் என்று இங்கே யாரும் உறுதி சொல்ல முடியாது. இளம் சாந்தில் பனி பட்டால் அந்த வருட உழைப்பு அத்தனையும் வீண்.

சமையலறைக்காரர்களை எப்படி மறப்பது? சுண்ணாம்பு, மணல், சார வாடகை எல்லாவற்றுக்கும் காசு வந்தது அரங்கில் நடந்த சோஷியலில்தான். மானிடோபாவுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது: கல்யாணத்துக்கோ ஒரு நல்ல காரியத்துக்கோ பணம் திரட்ட டிக்கெட் போட்டு நடத்தும் ஆட்டபாட்ட இரவு அது. நடுராத்திரியில் ரை ரொட்டி, கூபசா என்ற இறைச்சித் தொத்து, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி வந்தாக வேண்டும், வராவிட்டால் சோஷியல் நடந்ததாகவே ஊர் ஒப்புக்கொள்ளாது. அன்று இரவு ரொட்டி வெட்டியவர்கள், மேசை துடைத்தவர்கள், பரிசுச் சீட்டு விற்றவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் ஆளுக்கொரு கல் வைத்தவர்கள்தான்.

கடைசியாக, எங்களுக்கு முன்னால் இந்த ஊரைக் கட்டிக்காத்தவர்களுக்கு. குவாரி மூடினால் பல ஊர்கள் குழியைக் குப்பை மேடாக்கிவிட்டுக் கலைந்துபோகும். இங்கே குழிக்குள்ளேயே நீச்சல் ஏரி அமைத்தார்கள், காளவாய்களை இடிக்காமல் நிறுத்தினார்கள், சுற்றிலும் பூங்காவும் பேஸ்பால் மைதானங்களும் போட்டார்கள். 1999 பான் அமெரிக்க விளையாட்டின் பேஸ்பால் ஆட்டங்கள் சில அங்கே நடந்தன. பூங்காவின் விளக்க மையம் 2007இல் தீக்கிரையானபோதும் விட்டுவிடாமல் புதிய கட்டடம் எழுப்பினார்கள். கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் சல்லிவன் வரைந்த பழைய அஞ்சலகம் இன்னும் உள்ளூர்க் கல்லோடு நிற்கிறது. புதிதாகக் கல் பார்க்க வருகிறவர்களை நாங்கள் முதலில் அங்கேதான் அனுப்புகிறோம். நீளமாகப் படுத்த வரிசைகளையும் மெல்லிய இணைப்புகளையும் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால், கல்லை எப்படி வைக்க வேண்டும் என்பதில் பாதி விளங்கிவிடும்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மீதமுள்ள ஒரு மூட்டை என்எச்எல், ஞெகிழிப் பையில் இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் இருக்கிறது. ஒரு வருடத்துக்குமேல் வைக்க வேண்டாம், ஈரம் பட்டால் மூட்டைக்குள்ளேயே கட்டியாகிவிடும். சுவரோரம் பனியைக் குவிக்காதீர்கள், உப்பும் தூவாதீர்கள். ஏப்ரலில் பனி உருகியதும் தென்மூலையின் கீழ் மூன்று வரிசைகளை நகத்தால் கீறிப் பாருங்கள். மாவு உதிர்ந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள், உளியோடு வந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
மேற்குச் சுவர் வேலைக் குழுவினர்